பாயின் காதுக்குக் கட்டம் இல்லை

போர்க்காலத்தில் தேனாம்பேட்டையில் ஒரு பட்டறையில் நான் பரிசோதகராக இருந்தேன். கப்பலைத் தேடி வரும் புதுவகைக் குண்டை வானிலேயே சிதறடிக்க, பீரங்கிக் குண்டுக்குள் இருந்து அதைக் குறித்த நொடியில் வெடிக்க வைக்கும் சிறு கடிகாரங்களை அங்கே பூட்டினார்கள்.

பூட்டியவர்களில் ஒருவர் முன்பு வாட்ச் ரிப்பேர் செய்தவர். நாங்கள் பாய் என்போம். மெலிந்த உடல், மருதாணித் தாடி. முடித்த ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்பார்.

போர்ச் சட்டப்படி யாரும் வேலையை விட்டுப் போக முடியாது. ஒருவர் பூட்டியதில் கழிவு அதிகமானால் நாசவேலை என்று அவரை விசாரிப்பார்கள். பாயை ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள்.

நான் தேறியது என்று வைத்த ஒன்றை ஒருநாள் அவரே எடுத்து வந்தார்.

"இத்த தள்ளிடும்மா. சத்தம் சரியில்ல."

"அளவு சரியா இருக்கே, பாய்."

"அளவு சரிதான். எம்புள்ள கப்பல்ல கீறான்."

நானும் காதில் வைத்துக் கேட்டேன். மற்றவை போலத்தான் ஒலித்தது. என் பதிவேட்டில் மூன்றே கட்டங்கள்: அளவு கூடியது, அளவு குறைந்தது, கீறல். சத்தத்துக்குக் கட்டம் இல்லை.

"இன்னும் ஒண்ணு தள்ளினா உங்களைத்தானே பிடிப்பாங்க?"

"இப்ப மட்டும் இன்னா, அவுத்தா வுட்டுக்கிறாங்க?" என்று சிரித்தார்.

'கீறல்' என்று எழுதினேன். உடனே அவர் அரத்தை எடுத்து, பித்தளை மூடியில் ஒரு கோடு இழுத்தார்.

"உன் எழுத்து பொய்யாவக் கூடாதும்மா."

மறுநாள் அவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். என் பதிவேட்டையும் பார்த்தார்கள். அதில் பிழை ஏதும் இல்லை. அந்தக் கடிகாரத்தில் அவர் காதுக்குக் கேட்டது என்ன என்பதுதான் இன்றும் எனக்குத் தெரியவில்லை.