ஊடு என்றுதான் சொன்னேன்

எனக்கு எழுபத்தெட்டு முடிந்து எழுபத்தொன்பது நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்து ஆளாக்கியது நான்கு. மற்ற இரண்டும் போன இடத்தைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். மெதுவாக எழுது, ஓடிப்போகாது என்று சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமான கையோடு திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து சேலத்துக்கு வந்தோம். சூரமங்கலத்துத் தெரு ஒன்றில் தறிப்பட்டறை. அவர் தறி ஓட்டினார், நான் தார்க்குச்சியில் நூல் சுற்றினேன். பட்டறைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சின்ன வீடு ஒன்றை முதலாளி எங்களுக்கு விட்டிருந்தார். அவரே சொல்லி, பால் காய்ச்சித்தான் குடிபோனேன். எனக்கும் தறிக்கும் நடுவில் ஒரே சுவர். பட்டறை ஓடும்போது தட்டில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்துக்கொண்டு அழும்.

இரண்டாவது பெண்ணும் நாலாவது பையனும் காய்ச்சலில் அங்கேதான் போனார்கள். பிறகு அவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமிப் போனார். வாசலில் பலகை போட்டுக் குளிப்பாட்டினோம். அன்றைக்கும் தறி ஓடியது. நாங்கள் ஒப்பாரி வைத்தது பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பாலம் வருகிறது என்று அளக்க வந்தபோது முதலாளி கூடவே வந்தார். பின்னால என்ன என்று கேட்டவரிடம், "அது நூல் ரூமுங்க" என்றார். என் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அளந்தவர் அடுப்பைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். நூல் ரூமுக்குக் குடியிருப்பவர்கள் என்று யாரும் கிடையாது. இடிக்கிற அன்று எங்களை யாரும் கேட்கவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் மகன் வாடகைக்கு இருந்த இடத்துக்குச் சட்டி பானையோடு வந்து சேர்ந்தேன்.

போன வருஷம் ஒரு பெண் கேமராவோடு அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறாள். பம்பாயில் வளர்ந்தவள். அவள் தமிழ் பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். தெருவின் பழைய போட்டோக்களைத் தேடிப்பிடித்து, அது எடுத்த அதே இடத்தில் நின்று இப்போது ஒன்று எடுப்பதுதான் அவள் வேலை. பழைய ஆட்கள் யாரும் உண்டா என்று விசாரித்ததில் அங்கே டீக்கடை வைத்திருப்பவன் என்னைச் சொல்லியிருக்கிறான். காரில் கூட்டிப்போனாள்.

நான் இறங்கியதும் டீக்கடைக்காரன், "என்னுங்காயா, சினிமாவுல சேந்துட்டீங்களா?" என்றான்.

"ஆமாஞ்சாமி. உன்ற கடையத்தான் மொதல்ல எடுத்தாங்களாம். ஈ மட்டுந்தான் தெரியுதாம்."

அவள் கையிலிருந்தது ஆயுத பூசையன்று எடுத்த படம். பட்டறை வாசலில் மாலை, வாழை மரம், நடுவில் முதலாளி. பக்கத்துச் சந்தில், படத்தின் ஓரத்தில், என் கதவு. கதவுக்கு முன்னால் கொடியில் துணி காய்கிறது. சின்னச் சின்னத் துணி. எந்தப் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரியும். கதவைத் தொட்டுக் காட்டினேன். "தறிக்குப் பொறத்தால இருந்தது எங்க ஊடு, கண்ணு."

அவள் குறித்துக்கொண்டாள். கதவு இருந்த இடத்தில் இப்போது பாலத்தின் தூண். தூணுக்குக் கீழே சாக்கடை மூடி, அதன் மேல் நிறுத்திய பைக்குகள். அதையும் எடுத்தாள்.

படங்களை ஒரு மண்டபத்தில் மாட்டினார்கள். பேத்தியோடு போனேன். எங்கள் தெருப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் பேத்தி படித்தாள்: "தறிக்கூடமும் அதன் பின்னே ஊடு நூல் வைத்த அறையும்."

"அம்மாயி, ஊடு நூல்னா என்ன?"

எனக்கும் ஒரு நிமிஷம் புரியவில்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவுக்குக் குறுக்கே ஓடும் நூலை எங்கள் பட்டறைகளில் ஊடை என்போம். அந்தப் பெண் படித்த புத்தகத்தில் அதற்கு ஊடு என்று பேராம். நான் வீட்டைச் சொன்னேன், அவள் நூலை எழுதிக்கொண்டாள். அவளுக்கு வஞ்சனை கிடையாது. ஆனால் அன்றைக்கு முதலாளி சொன்னதே திரும்பவும், கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது.

கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "மன்னியுங்கள் பாட்டி, மாற்றிவிடுகிறேன்" என்றாள்.

முதலாளியின் மகன் அங்கே வந்திருந்தார். அந்தப் பழைய படம் அவருடையது. சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆயா நம்ம பட்டறைல இருந்தவிங்கதானுங்க. ஊடெல்லாம் அங்க ஏதுங்க? நூல் ரூம்ல தங்கிக்கட்டும்னு அப்பா உட்டிருந்தாரு. ஏனுங்காயா, அப்படித்தானுங்களே?"

"உங்க அய்யன் நூலுக்காகவா சாமி பால் காச்சச் சொன்னாரு?" என்றேன்.

"அட, வயசாயிருச்சு, கோவத்தப் பாரு" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நூல் ரூமிலிருந்து யாரும் பிணம் தூக்குவதில்லை என்று வாய் வரை வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் என் பிள்ளைகளை இழுக்க மனமில்லாமல் நின்றேன்.

மறுநாள் பேத்தியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். மாற்றியிருந்தார்கள். "தறிக்கூடமும் பின்னறையும்" என்று. நூலும் இல்லை, வீடும் இல்லை.

அந்தப் பெண் போனில் பேசினாள். இந்தப் படங்களெல்லாம் புத்தகமாக வரப்போகிறதாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது எதை எழுதுவது என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். முதலாளி மகன் சொன்னதற்கு அவரே பொறுப்பு. நீங்கள் சொல்வதை நீங்களே எழுதிக் கொடுங்கள், படத்துக்குப் பக்கத்தில் அப்படியே போடுகிறேன் என்றாள். போடுவாளா, தெரியாது. படத்தைக் கொடுத்தவரை விட்டுவிட்டு என்னை நம்ப அவளுக்கு என்ன கட்டாயம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இடம் என்னுடையது என்று நான் கேட்கவில்லை. அங்கே எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. மூன்று பேர் அதன் வாசல் வழியாகத்தான் வெளியே போனார்கள். அதை நூல் ரூம் என்று எழுதினால் அவர்கள் எங்கிருந்து போனார்கள்?

எழுதியாகிவிட்டதா சாமி? நான் சொன்னதுதான் இருக்கிறதா, நீ படித்த தமிழ் ஏதாவது ஏறிக்கொண்டதா, எனக்குக் கண்ணால் பார்த்தால் தெரியாது. காதால் கேட்டால்தான் தெரியும். மொதல்ல இருந்து ஒருக்கா படி.