நாலடித் தண்ணீர்

முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். இருபதாவது மாடியில், கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்வியபடி வேலை பார்ப்பார். கூட இருந்தவர்கள் வைத்த பெயர் 'மாடியார்'. உயரமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர்தான் அவரைப் படாத பாடு படுத்தியது. மழைநீர் புகுந்த லிஃப்ட் பள்ளத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்து, கழுத்தளவுத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து வாளித் தண்ணீரைக்கூட கொஞ்சம் மரியாதையோடுதான் பார்ப்பார்.

ஓய்வு பெற்றதும், மகள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கினார். மனைவி போய் நாலு வருஷமாகியிருந்தது. மகளுக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; மருமகன் மாதத்தில் இருபது நாள் லாரியோடு வெளியூரில். அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு ஒன்பது வயது. பேத்தியோடு இருக்கத்தான் இவ்வளவு பக்கத்தில் வந்தார். வந்து பார்த்தால் பேத்திக்கு நேரமில்லை. திங்கள் கணக்கு, செவ்வாய் கீபோர்டு, புதன் மறுபடி கணக்கு. மந்திரியைப் பார்ப்பது இதைவிடச் சுலபம்.

ஒருநாள் சொல்லாமல் போய் நின்றார். பேத்திதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க தாத்தா, உட்காருங்க. அம்மா இப்ப வந்துடுவாங்க."

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. விருந்தாளியை அப்படித்தான் கவனிக்க வேண்டும். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மகள் வந்ததும் பேச்சை எடுத்தார். "வாரத்துல ஒரு மணி நேரமாவது பிள்ளைய என்கிட்ட விடும்மா."

"எங்கப்பா நேரம் இருக்கு? நீங்களே அட்டவணையைப் பாருங்க." குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அவ வயசுல நான் உங்களைத் தேடியிருக்கேன். லீவு நாள்லகூட யார் வீட்டு லிஃப்டாவது நின்னுபோயிடும்," என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஆனாலும் வந்த வழியே திரும்பிப் போக மாடியாருக்கு மனமில்லை. அட்டவணையை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். சனிக்கிழமை மூன்று மணி, நீச்சல்.

"சரி, நீச்சலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

போனபிறகுதான் விஷயம் புரிந்தது. கூட வந்த பெரியவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும். பேத்தி ஒரு மணி நேரம் தண்ணீரில் இருப்பாள். திரும்பும் பஸ்ஸில் ஈரத்தலையோடு தூங்கிப்போவாள். இரண்டு சனிக்கிழமை அப்படிப் போனது. மூன்றாவது வாரம் பயிற்சியாளர் அம்மாவிடம் போய் நின்றார்.

"புதுசா கத்துக்கிற பெரியவங்களுக்கும் இதே நேரந்தானே? என்னையும் சேர்த்துக்குங்க."

"உங்களுக்கு என்ன வயசு சார்?"

"அறுபத்தி நாலு."

"தண்ணி பழக்கம் உண்டா?"

"ரெண்டு தண்ணியும் கிடையாதும்மா," என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள்.

முதல் நாள், நாலடி ஆழத்தில் இறங்கி, ஓரத்துக் கம்பியைப் பிடித்தவர் ஒரு மணி நேரமும் விடவில்லை. பக்கத்துத் தடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக் காட்டிச் சிரித்தார்கள். பேத்தி அவரைத் தெரியாதவள் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அன்று பஸ்ஸில் அவள் தூங்கவில்லை. "தாத்தா, இனிமே தண்ணிக்குள்ள வராதீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."

மாடியார் ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "சிரிச்சா சிரிக்கட்டும். உன் பக்கத்துல வரமாட்டேன், உன்னைக் கூப்பிடவும் மாட்டேன். ஆனா வருவேன்."

சொன்னபடியே வந்தார். இரண்டாம் வாரம் ஒரு கையை விட்டார். நாலாம் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி, இருமியபடி எழுந்தார். மகள்கூட, "எதுக்குப்பா இந்த வயசுல வீம்பு?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

ஏழாம் வாரம், ஆழமான பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாகப் பலகையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். பேத்தியின் முறை வந்தது. நுனி வரை போனாள், நின்றாள், திரும்பி இறங்கிவிட்டாள். யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துவந்து, மாடியார் நின்ற ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்கி, அதே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசமா குதிக்கல தாத்தா. அம்மாகிட்ட சொல்லல."

"எனக்குக் கம்பியை விட்டாலே உதறுது. நீ அவ்வளவு தூரம் போய் நின்னியே."

"உங்களுக்கு ஏன் பயம்?"

அந்தப் பள்ளத்துக் கதையைச் சொன்னார். மகளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இருட்டு, மேலே ஆட்கள் கூப்பிடும் சத்தம், கம்பியில் மரத்துப்போன விரல்கள், எல்லாம் சொன்னார். பேத்தி வாய் திறந்து கேட்டாள். கேட்டு முடித்து, "நீங்க தண்ணிக்குள்ள மூச்சை அடக்குறீங்க. அதான் இருமல் வருது. இப்படி ஊதிவிடணும்," என்று முகத்தை முக்கிக் குமிழ் விட்டுக் காட்டினாள். அவர் செய்தார். சரியாக வரவில்லை. "இன்னொரு தடவை," என்றாள், கண்டிப்பான டீச்சர் போல.

அன்று பஸ்ஸில் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். பள்ளியில் யார் யாரோடு டூ விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று.

வீட்டில் பேத்தி தானே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்கு முதலில் கோபம். "இவ்வளவு நாளா ஏன் மறைச்ச? பணம் கட்டி அனுப்புறதே குதிக்கிறதுக்குத்தானே?"

மாடியார் குறுக்கே வந்தார். "குதிக்கிறப்ப குதிக்கட்டும். சனிக்கிழமை வகுப்பை நிறுத்திடு. அந்த நேரத்துக்கு நானும் அவளும் சும்மா தண்ணியில இருக்கோம்."

"சும்மாவா?"

"சும்மாதான். உன்கூட அப்படி இருந்ததே இல்ல. அது என் தப்பு. அதுக்காக இவகிட்டயும் அதே தப்பைப் பண்ண முடியாதும்மா."

மகள் எழுந்து போய், தாளில் நீச்சல் என்றிருந்ததை அடித்துவிட்டு, 'தாத்தா' என்று எழுதினாள்.

அந்த வருஷக் கடைசியில் மாடியார் குளத்தின் அகலத்தைக் காலூன்றாமல் கடந்தார். பாதிக் குளத்தைக் குடித்துவிட்டுத்தான் கரை சேர்ந்தார் என்பது பேத்தியின் கட்சி. அவள் பலகையிலிருந்து குதித்தது அதற்கும் இரண்டு மாதம் கழித்து, யாரும் சொல்லாத ஒரு நாளில்.

இப்போது அவளுக்குப் பதினாலு. கீபோர்டு போயிற்று, கணக்கு வகுப்பு மாறிற்று. சனிக்கிழமை மட்டும் அசையவில்லை. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு தோழி போனில் சினிமாவுக்குக் கூப்பிட்டாள்.

"மூணு மணிக்கு வரமுடியாதுடி. எங்க தாத்தாவோட இருப்பேன். ஆறு மணி ஆட்டத்துக்குப் போடு."

பக்கத்தில் நின்ற மாடியார், வராத பஸ்ஸை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.