பிளக் கழற்றிய குழாய் ஸ்பானர்

எங்கள் கார் யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்டவற்றில் ஒன்று; அமெரிக்க வண்டி. என் வீட்டுக்காரர் டாக்டர். நாகர்கோவிலிலிருந்து கடற்கரை ஊர்களுக்கெல்லாம் அதில்தான் போய்வருவார். ஒருமுறை கடியப்பட்டணத்தில் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாதி வழியில் வண்டி திக்கித் திணறி நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் திரும்பி வந்தவர், "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடவில்லை.

வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கில் கரி பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் பட்டறையிலிருந்த ஸ்பானர்கள் இங்கிலீஷ் வண்டிகளுக்கானவை. ஒன்று சிறிது, அடுத்தது பெரிது. பெரியதை மாட்டித் திருகியதில் அது வழுக்கி, பிளக்கின் பீங்கான் உடைந்தது. குறடால் பிடித்துக் கழற்றித் தந்த உடைந்த பிளக்கைக் கையில் வாங்கும்போதே தீர்மானித்துவிட்டேன், இனி இந்த வேலையை வீட்டில் நானே செய்வதென்று.

வண்டியை வீட்டுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, உடைந்த பிளக்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இதெல்லாம் ஆம்பிளையள்லா பாக்கணும்? டாக்டர வரச் சொல்லுங்கம்மா."

"அவருக்கு இந்த வைத்தியம் தெரியாது. அந்தப் பெட்டிய இப்படித் தள்ளுங்க."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த குழாய் ஸ்பானர் ஒன்று பிளக்கின்மேல் இறங்கி உட்கார்ந்தது, இம்மியும் ஆடவில்லை.

அந்த ஸ்பானரோடும் வாங்கிவந்த புதுப் பிளக்கோடும் வீட்டில் வண்டியருகே நின்றதும் வீட்டுக்காரர் வந்தார். "நீ எதுக்குட்டி இதுல கைய விடுக? பட்டறைக்காரன் பாத்துக்கிடுவான்."

"அவன் பாத்த லெட்சணம்தான் தெரியும்லா. நீங்க போய் நோயாளியளப் பாருங்க."

மற்ற பிளக்குகள் சுலபமாகக் கழன்றன. கடைசி ஒன்று உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தேன். ஸ்பானர் துளையில் கம்பியைச் செருகி, இரண்டு கையாலும் அழுத்தினேன். கிறீச்சென்று அசைந்தது. கரியைச் சுரண்டித் துடைத்து, புதுப் பிளக்கும் சேர்த்து எல்லாவற்றையும் மாட்டி முடுக்கி, வண்டியைக் கிளப்பினேன். வெடி போட்டதுபோல ஒரு சத்தம்! முற்றத்துக் கோழிகள் சிதறின. அவர் ஸ்டெதஸ்கோப்போடு ஓடிவந்தார்.

"என்ன ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. பிளக் வயரு ரெண்டு மாறிப் போச்சு."

மாற்றி மாட்டியதும் வண்டி சீராக ஓடியது. அவர் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் பிளக்கைத் துடைப்பது என் வேலையாயிற்று. கடற்கரைப் பாதையில் வண்டி மறுபடி நிற்கவில்லை. ஒருநாள் மதியம் அவரே பக்கத்தில் வந்து, "ஹாரன் சரியா கேக்க மாட்டங்கு. பாப்பியா?" என்றார்.

"வெயில் தாழட்டும்" என்றேன்.