சலவைக்கூடத்துக்குப் பெல்ட் வந்த காலை

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அவசரம் என்றுதான் பெயர். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை, எப்போதும் ஓட்டம்தான். ஊரிலுள்ள ஓட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கே வந்து மலையாய்க் குவியும். வெளுப்பது மெஷின், எது எந்த ஓட்டலுடையது என்று பிரிப்பது மட்டும் கை. எல்லாம் ஒரே வெள்ளை, மூலையில் மட்டும் பொடியாய் ஒரு முத்திரை. அதைத் தேடித் தேடிப் பிரிப்பதற்கென்றே ஒரு ராத்திரி ஷிப்டு. அதற்கு மேஸ்திரி இந்த அவசரம்.

அவள் புருஷன் அங்கேயே பகலில் வேன் ஓட்டுகிறவர். இவள் வீட்டுக்குள் நுழைவாள், அவர் செருப்பை மாட்டுவார். கல்யாணமானதிலிருந்து இருவரும் பேசிய பேச்சில் பாதி வாசற்படியில் பேசியதுதான். அதுவும் ஒரு குடித்தனமா, சொல்லுங்கள்?

விரிப்புக்கு விரிப்பு ஒரு சின்ன எலக்ட்ரானிக் சில்லைத் தைத்துவிட்டால், ஓடும் பெல்ட்டில் போகும்போதே மெஷின் அதைப் படித்து அந்தந்த ஓட்டல் கூடையில் தள்ளிவிடும் என்று தெரிந்ததும் அவள் முதலாளியைத் துளைத்தெடுத்துவிட்டாள். கடைசியில் அவரும் பெல்ட்டை வரவழைத்தார்.

"நாளைக்குக் காலைல ஓட்டிக் காட்டும்மா. ஒழுங்கா ஓடுச்சுன்னா ராத்திரி ஷிப்டையே எடுத்துடறேன், எல்லாருக்கும் பகல் வேலை. ஓடலைன்னா திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் என் காதைத் துளைக்கக் கூடாது."

மறுநாள் காலை கூடமே கல்யாண வீடு மாதிரி பரபரத்தது. சலவை அறையிலிருந்து உலர்ந்த விரிப்புகளை மூட்டையாகக் கட்டித் தூக்கி வந்தார்கள். வாசலில் ஒரு வளைவு. மூட்டை அதன் வழியாக நுழையும்போதே உள்ளே எத்தனை என்று எண்ணிவிடும். பெல்ட்டின் முடிவில் இன்னொரு முறை எண்ணும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு.

எரிந்ததோ சிவப்பு. ஒரு விரிப்பு குறைகிறதாம்! அடுத்த மூட்டை, அதுவும் சிவப்பு, அதிலும் ஒன்று குறைச்சல்.

"உன் மெஷின் துணியைத் தின்னுதுடி. ராத்திரி பட்டினி போட்டியா?" என்றாள் இஸ்திரி அக்கா.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லக்கா," என்று பெல்ட் மாட்ட வந்தவர் வியர்வையைத் துடைத்தார்.

முதலாளி கூடத்தைக் கடந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். "போதும்மா. கழட்டச் சொல்லட்டுமா?"

 அவசரம் விடுவாளா? "எல்லாரும் தள்ளுங்க. நானே பிரிச்சுப் போடறேன்!" அடுத்த மூட்டையின் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள், கட்டியிருந்த விரிப்பைத் தோளுக்கு மேலே பின்னால் வீசினாள், மற்றதையெல்லாம் மளமளவென்று பெல்ட்டில் போட்டாள்.

சிவப்பு.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், தலையோடு காலாக வெள்ளையாய் ஓர் உருவம், கீழே ஷூ மட்டும் தெரிகிறது.

"ஐயோ, முதலாளியையே வெளுக்கப் போட்டுட்டியே!" என்றாள் இஸ்திரி அக்கா. கூடமே சிரித்தது.

அவசரம் மட்டும் சிரிக்கவில்லை. கண் அகல விரிந்தது. "சார், அசையாதீங்க! உங்க தலைல இருக்கே, அதுதான் சார் குறையற அந்த ஒண்ணு!"

விஷயம் இவ்வளவுதான். மூட்டை கட்டுவதும் ஒரு விரிப்பால்தான். அவிழ்த்ததும் அடுத்த மூட்டைக்கு ஆகட்டும் என்று அதைப் பின்னால் வீசிவிடுவது அங்கே எல்லார் கைக்கும் பழகிப்போன வேலை. வாசல் வளைவு அதையும் சேர்த்து எண்ணியது. பெல்ட்டின் கண்ணிலோ அது படவே இல்லை. பெல்ட் மாட்ட வந்தவருக்கு வேலையை ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தவளுக்கே இந்த வீச்சு நினைவுக்கு வரவில்லை. மூச்சு விடுவதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

முதலாளியின் தலையிலிருந்து அதை உருவிப் பெல்ட்டில் போட்டாள்.

பச்சை!

அடுத்த மூட்டையில் கட்டுத்துணியே முதலில் ஏறியது. பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. இஸ்திரி அக்கா விசிலே அடித்துவிட்டாள். முதலாளி கலைந்த தலையைக் கோதிக்கொண்டு, "சரி சரி, இனிமே ராத்திரி எல்லாரும் அவங்கவங்க வீட்ல தூங்குங்க," என்றார்.

அவசரம் அங்கே நிற்கவில்லை. வெளியே புறப்படவிருந்த புருஷனின் வேனை நோக்கி ஓடிக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க! ராத்திரி ஷிப்டு போச்சு! இனிமே நான் வீட்லதான்!"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு அவளையே பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ நீ குறட்டை விடுவியா மாட்டியான்னு இனிமேதான் தெரியப்போகுது."