கோசலா கத்தப் பழகிய கதை

கோசலாவுக்குப் பிறவியிலேயே தணிந்த குரல். ஊரில், கோண்டாவிலில், சிறுபிள்ளையாக இருந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து "காப்பாத்துங்கோ" என்று கூப்பிட்டாளாம். பக்கத்தில் நின்றவர்கள், "என்ன பிள்ளை, சவுக்காரம் வேணுமோ?" என்று கேட்டார்களாம். அந்தக் குரலோடுதான் இருபத்துநாலு வயதில் சுவிசுக்கு வந்தாள், யோகராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். லாங்கன்தால் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே இயந்திரங்கள் போடுகிற இரைச்சலே போதும், மனிதர் கத்தத் தேவையில்லை.

அப்படிப்பட்டவளிடம் ஒரு மாலை, சப்பாத்தைக் கழற்றவும் விடாமல், மகன் திலக்சன் சொன்னான்.

"அம்மா, நாளையிலயிருந்து நீங்கள் என்னைப் பாத்துக் கத்த வேணும். ஒவ்வொரு நாளும் அஞ்சரைக்கு. பதினைஞ்சு நிமிசம்."

"ஏன்ரா? நீ என்ன குற்றம் செய்தனி?"

"ஒண்டும் இல்லை. பழக வேணும்."

திலக்சனுக்குப் பத்தொன்பது வயது. எட்டு வயதில் அவனுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் கேட்டவர்களுக்குக் கோசலா, "அவன் கொஞ்சம் அமைதியான பிள்ளை" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் அந்த அமைதியான பிள்ளையின் உடம்பு விறைத்துவிடும், காதைப் பொத்திக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்துவிடுவான். இப்போது பொருட்கிடங்கு ஒன்றில் தொழில் பழகுகிறான். எந்தத் தட்டில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று அங்கே கணினியைக் கேட்பதற்கு முன் அவனைத்தான் கேட்பார்கள்.

இந்த நாட்டில் பிரசாவுரிமை உள்ள ஆண் பிள்ளைகளை இராணுவம் கூப்பிடும். மார்ச் மாதத்தில் மூன்று நாள் ஆட்தேர்வுக்கு வரச் சொல்லி அவனுக்கும் கடிதம் வந்திருந்தது. வைத்தியரின் கடிதத்தைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் திலக்சனுக்குப் போக விருப்பம். இராணுவத்தின் ஒழுங்கு விதிப் புத்தகத்தை அவன் இரண்டு தரம் அட்டைக்கு அட்டை வாசித்திருந்தான். எத்தனை மணிக்கு எழும்புவது, போர்வையை எப்படி மடிப்பது, யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, எல்லாம் அதில் எழுதியிருந்தது. ஒன்பது வருடப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு புத்தகத்தை ஒருவரும் அவன் கையில் கொடுக்கவில்லை. வழங்கல் பிரிவில் சேர வேண்டும் என்பது அவன் முடிவு. தடையாக இருந்தது சத்தம் ஒன்றுதான். ஆகவே கத்துவதற்கு ஆள் தேவை.

கோசலாவுக்கோ இராணுவம் அவனை எடுக்கக்கூடாது. முருகனிடம் அவள் வைத்த வேண்டுதல் கொஞ்சம் சிக்கலானது. அவனை எடுக்கவும் கூடாது, அவன் அழவும் கூடாது. முருகன் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இன்னமும் மயிலோடு ஆலோசித்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குள் கத்த வழியில்லை. கீழ்வீட்டு ஃப்ராவ் லூத்தி, மூன்றாம் மாடியில் யாராவது கரண்டியைக் கீழே போட்டாலும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுகிற சீமாட்டி. ஆகவே நிலவறைக்குப் போனார்கள். இந்த நாட்டுக் கட்டடங்கள் பலவற்றைப் போல அந்தக் கட்டடத்துக்கும் குண்டுத் தாக்குதலுக்கு ஒளிய ஒரு பங்கர் இருந்தது. ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு. அதற்குப் பின்னால் அவரவர் அரிசிச் சாக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளும் கிடக்கும். திலக்சன் பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வான். கோசலா தலைமாட்டில் நின்று, காலையில் சிப்பாய்களை எழுப்புகிற சொல்லைச் சொல்ல வேண்டும்.

"டாக்வாக்..." என்றாள் முதல் நாள்.

திலக்சன் ஒரு கண்ணைத் திறந்தான். "அம்மா, இது பூனையைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. கோப்பரல் இப்பிடிக் கூப்பிடமாட்டார்."

"கோப்பரலுக்கு வேலை முடிஞ்சு முதுகு நோகாதுடா."

"நோகாது. அவைக்கு இருபத்தொரு வயசு."

பத்தாம் நாள்வரை பூனைதான். பதினோராம் நாள் சலவைக்கூடத்தில் மேற்பார்வைக்காரி ஏதோ சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தை அப்படியே நிலவறைக்கு இறக்கிக்கொண்டு வந்து கோசலா ஒரு "டாக்வாக்!" விட்டாள் பாருங்கள், ஊருக்கு வெளியே மேட்டில் நின்ற மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின. அன்று பின்னேரம் அவை பாலாகக் கறக்கவில்லை, தயிராகக் கறந்தன. கொங்கிறீட் கதவையும் தாண்டிவந்த அந்தச் சத்தத்தைப் பற்றி ஃப்ராவ் லூத்தி மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினாள்.

திலக்சன் விறைத்துப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். கோசலா பக்கத்தில் குந்தினாள். தொட்டால் அவனுக்குப் பிடிக்காது என்பதால் தொடாமல் இருந்தாள். இருபது நிமிடம் கழித்து அவன் எழும்பிக் கொப்பியில் நேரத்தைக் குறித்தான்.

"நல்லாயிருந்தது. நாளைக்கும் இப்பிடித்தான்."

நாளைக்கும் இப்படித்தான் போயிற்று, அதற்கு அடுத்த நாளும். இருபது நிமிடம் பதினெட்டாயிற்று, பன்னிரண்டாயிற்று, மாசி முடிவில் நாலாயிற்று. கோசலாவின் தொண்டை கட்டிப்போயிற்று. விருப்பமில்லாத வேலையை விருப்பமுள்ளவள்போலச் செய்கிற களைப்பு இருக்கிறதே, அது சுடுதண்ணீர் குடித்துத் தீருகிற களைப்பு அல்ல. விரிப்பை மடித்தபடியே நின்ற நிலையில் கண் மூடிப்போகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஆட்தேர்வுக்கு முதல் நாள் அவன் பையை ஏழு தரம் அடுக்கினான். யோகராஜா தொழிற்சாலையில் பகல் வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

"ஆமிக்குப் பயந்து எல்லைக் காடெல்லாம் நடந்து வந்தவன் நான். இவன் என்னெண்டால் ஆமிக்குப் பெட்டி அடுக்கிறான்."

"அப்பா, அது வேற ஆமி."

"எல்லா ஆமிக்கும் காக்கிதான்ரா."

"பச்சை. நாலு நிறப் புள்ளி போட்டது" என்று திருத்தினான் திலக்சன். "கேள்விப் பத்திரத்தில ஓட்டிசம் எண்டு எழுதியிருக்கிறன்."

"ஏன் எழுதினனி?"

"கேட்டிருந்தது."

"கேட்டால் எல்லாத்தையும் எழுதுறதோ? அகதி விசாரணையில என்னட்டைக் கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருந்தால் நீ இண்டைக்கு..." என்று தொடங்கியவர், மனைவி பார்த்த பார்வையில் மிச்சத்தைச் சோற்றோடு விழுங்கினார்.

பிறகு இருவருமாகப் புத்தி சொன்னார்கள். இடியப்பம் கட்டிக் கொடுப்பதுபோல, தங்களிடம் இருந்ததைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆமிக்காரன் கண்ணைப் பார்க்காதே. கையைப் பொக்கெற்றுக்குள் விடாதே. அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிரிக்காதே, அழாதே. திடீரென்று திரும்பாதே. வேறு பெடியளின் பேரைக் கேட்டால் தெரியாது என்று சொல்லு. இப்படிப் பதினொரு புத்தி. ஊரில் சோதனைச் சாவடிகளில் இருவரையும் உயிரோடு கடத்திவிட்ட புத்திகள். திலக்சன் எல்லாவற்றையும் இலக்கம் போட்டு எழுதிக்கொண்டான்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவன் திரும்பி வந்தான். சப்பாத்தை இடத்தில் வைத்தான், கையைக் கழுவினான், மேசையில் இருந்தான். கோசலா முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். அந்த முகம் அப்படிச் சொல்லிக்கொடுக்கிற முகம் அல்ல.

"எடுத்தவையோ?"

"முதலிலயிருந்து சொல்லட்டோ?"

"சொல்லு."

கேட்டதை ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியவன் அவன். ஓட்டம், பாய்ச்சல், கண், காது, எல்லாவற்றிலும் நல்ல புள்ளி. ஒருவரும் கத்தவில்லை. மூன்று நாளும் எல்லோரும் "தயவுசெய்து" என்றுதான் சொன்னார்கள். கோசலா தன் தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"பிறகு உளவியல்காரி கூப்பிட்டவ. நல்லவ. கேட்டவ, 'நீங்கள் ஏன் என்ரை கண்ணைப் பாக்கேல்லை?' நான் சொன்னன், 'ஆமிக்காரற்றை கண்ணைப் பாக்கக்கூடாது எண்டு அம்மா சொன்னவ.' 'அம்மா வேற என்ன சொன்னவ?' எண்டு கேட்டவ. நான் பதினொண்டும் சொன்னன்."

"ஐயோ, பதினொண்டுமோ?"

"ஓம். இலக்கத்தோட. அவ பேனையை மூடி வைச்சிட்டா. 'கண்ணைப் பாத்தால் நான் என்ன செய்வன் எண்டு நினைக்கிறியள்?' எண்டா. 'தெரியாது, அம்மா சொல்லேல்லை' எண்டன். பிறகு கேட்டவ, 'நீங்கள் ஆமிக்கு வர ஆருக்கு விருப்பம்?' 'எனக்கு.' 'ஆருக்கு விருப்பமில்லை?' 'அம்மாவுக்கு.'"

கோசலா அதை அவனிடம் ஒருபோதும் சொன்னதில்லை. முருகனைத் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் ஒவ்வொரு தரமும் கத்திப்போட்டுப் பிறகு மெல்லமா 'கடவுளே' எண்டு சொல்லுறனீங்கள். நான் காதைப் பொத்தினாலும் எனக்குக் கேக்கும். எண்பத்தாறு தரம்."

மற்றவர் மனம் இவனுக்கு விளங்காது என்று எழுதிக் கொடுத்த வைத்தியர் அந்த நேரம் அந்தக் குசினியில் இருந்திருக்க வேண்டும்.

"கடைசியா என்ன சொன்னவை?"

"ஒரு வருசம் தள்ளி வைச்சிருக்கினம். அவ சொன்னவ, 'உங்களிட்டை எது உங்கடை, எது உங்கடை அம்மாவின்ரை எண்டு என்னால பிரிக்க முடியேல்லை. அடுத்த வருசம் வாங்கோ, திரும்பக் கதைப்பம்.'"

ஆம் என்றால் ஒரு அழுகை, இல்லையென்றால் இன்னொரு அழுகை, இரண்டுக்கும் கோசலா ஆயத்தமாக இருந்தாள். இன்னும் ஒரு வருடம் என்பதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அவன் தோற்கவேண்டும் என்று கும்பிட்டவள் அவள். கடைசியில் அவள் கட்டிக் கொடுத்த புத்தியே அவனை மறித்துவிட்டது. சந்தோசப்படலாம்தானே? நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். அங்கே ஈரத் துணி மூட்டைபோல ஒரு பாரம்தான் இருந்தது.

"திலக்சன், எனக்கு விருப்பமில்லைத்தான். நீ சீருடை போட்டுக்கொண்டு வாசலில நிண்டால் எனக்குப் பயமாயிருக்கும். உன்னில பிழையில்லை."

"ஓம். ஆனால் எனக்கு விருப்பம்."

"ஓம். தெரியும். இனி நான் கத்தமாட்டன்."

"சரி. அங்கை ஒருத்தரும் கத்தேல்லை."

அவன் கொப்பியைத் திறந்து பக்கத்தின் நடுவே அடிமட்டத்தால் ஒரு கோடு கீறினான். ஒரு பக்கம் "நான்", மறுபக்கம் "அம்மா".

"இப்ப பிரிப்பம். கண்ணைப் பாக்கிறேல்லை, அது ஆற்றை?"

"என்ரை" என்றாள் கோசலா.

"பாதி என்ரை. எனக்கும் பாக்கப் பிடிக்காது." இரண்டு பக்கமும் எழுதினான். "பொக்கெற்?"

"என்ரை."

"சனம் கூடின இடம்?"

"உன்ரை... இல்லை. பொறு. எனக்கும் பிடிக்காது."

"பெடியளின்ரை பேர் சொல்லுறேல்லை?"

"அது அப்பாவின்ரை."

"அப்பாவுக்கு இதில இடம் இல்லை" என்றான் திலக்சன் கவலையோடு. கொஞ்சம் யோசித்தான். "களைப்பு?"

கோசலா முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைக் கையில் தாங்கியிருந்தாள்.

"என்னட்டையும் இருக்கு, அம்மா. மூண்டு நாள் ஒரே அறையில எட்டுப் பேர். ஒருத்தன் குறட்டை."

"அப்ப ரெண்டு பக்கமும் எழுது, ராசா."

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது யோகராஜா கதவைத் திறந்துகொண்டு வந்தார். எண்ணெய்க் கறை படிந்த கையோடு மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எடுத்தார்களா, விட்டார்களா என்று வழி முழுக்க யோசித்து வந்தவர், "களைப்பு" என்ற கடைசி வரியை வாசித்துவிட்டு அந்தக் கேள்வியையே மறந்துபோனார்.

"இதென்னடா, என்னை விட்டிட்டியள்?"

"உங்களுக்கு நிரல் இல்லை, அப்பா."

"அப்ப கீறு" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார் யோகராஜா.