யாருக்கு எரியுது?

எங்கள் அன்பு அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் வீட்டில் ஒரு முறையாவது அவரிடம் மாட்டியிருப்பீர்கள். கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள். சமையலறையிலிருந்தே அக்கா, "பாத்ரூம்ல லைட்டு யாருக்கு எரியுது?" என்று கேட்டிருப்பார். நீங்களும் அசடு வழியச் சிரித்துக்கொண்டே எழுந்து போயிருப்பீர்கள். இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. நானே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது.

அக்கா பிறந்தது விவேக் நகரில், வரிசையாகக் கட்டியிருந்த ஒற்றை அறை வாடகை வீடுகளில் ஒன்றில். அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவிலிருந்த சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டு செங்கல்லை உருவிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தார் வீட்டு ஓனர். வெளிச்சத்தில் பாதி எங்களுக்கு, மீதிப் பாதி பக்கத்து வீட்டு ரோஸி ஆன்ட்டிக்கு. சுவிட்ச் மட்டும் எங்கள் பக்கம்.

அக்கா அப்போது சின்னப் பெண். நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன், அதனால் இது கேட்டுத் தெரிந்துகொண்ட கதை. வீணாக எரியும் விளக்கை அணைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் எல்லோரும் ஜெபமாலைக்குக் கிளம்பியபோது, அக்கா பெருமையாகச் சுவிட்சை அணைத்தாராம். சுவருக்கு அந்தப் பக்கம் ரோஸி ஆன்ட்டி சோறு வடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று இருட்டியதில் பானை நழுவி, கொதிக்கிற கஞ்சி அவர் கையில் கொட்டிவிட்டது.

ஆன்ட்டி திட்டவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்து, "நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்திருக்கலாமே கண்ணு" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அக்கா எந்தச் சுவிட்சையும் கேட்காமல் அணைத்ததில்லை. சுவரைப் பார்த்து, "ஆன்ட்டி, லைட்டு வேணுமா?" என்பார். வேண்டாம் என்று பதில் வந்தால்தான் அணைப்பார்.

அப்பா காலமானதும் அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு எடுத்தால், "மொதல்ல தம்பி சொந்தக் கால்ல நிக்கட்டும்" என்பார். நான் நின்ற பிறகு பேச்சு எடுத்தபோது, "இனிமே எதுக்குடா, நல்லாத்தானே இருக்கேன்" என்றார். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. எனக்கும் என் மனைவி ரீட்டாவுக்கும் பிள்ளைகள் பிறந்து, இரண்டு பேரும் ஆபீசுக்கு ஓட வேண்டிவந்தபோது, அக்கா தன் வேலையை விட்டுவிட்டு ஷாரனையும் ஆல்வினையும் கையில் எடுத்துக்கொண்டார்.

கரண்டை மிச்சம் பிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் முயற்சி செய்தேன். என் முயற்சி என்பது கத்துவதுதான். "உங்கப்பன் வீட்டுக் கரண்டா?" என்பேன். "ஆமா டாடி" என்பான் ஆல்வின். அக்கா கத்தமாட்டார். யாருக்கு எரியுது, யாருக்குச் சுத்துது என்று கேட்பார். ஒரு பெயர் சொல்ல முடிந்தால் எரியலாம், சுற்றலாம். பெயர் இல்லையென்றால் அணைக்க வேண்டும், அதுவும் ஒரு குரல் கொடுத்துவிட்டு. கெய்சர் போட்டால் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் குளித்து முடித்துவிட வேண்டும். என்ன எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும்.

ஆல்வின் இதிலும் ஓட்டை கண்டுபிடித்தான். ஹாலில் யாருமில்லாமல் எரிந்த விளக்கைப் பற்றிக் கேட்டபோது, "பல்லிக்கு அத்தை" என்றான்.

"சரி, பாவம். அது பூச்சி புடிச்சி முடிக்கிற வரைக்கும் இங்கயே நில்லு. முடிஞ்சதும் அணைச்சிட்டு வா" என்றார் அக்கா.

அவன் பார்க்க வேண்டிய கார்ட்டூன் முடிந்துவிட்டது, பல்லி அசையவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பல்லிக்கு விளக்கு எரிந்ததில்லை. கொஞ்ச நாளில் பிள்ளைகளே போலீஸ் ஆகிவிட்டார்கள். "டாடி, லேப்டாப் உங்க பையில இருக்கு, சார்ஜர் யாருக்கு?" என்று ஷாரன் என்னைக் கேட்க ஆரம்பித்தாள்.

பிறகு அக்காவுக்கு நுரையீரல் நோய் வந்தது. கடைசி மாதங்களில் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார். கரண்டு போனால் அதுவும் வீட்டு விளக்குகளும் ஒரே யுபிஎஸ்ஸில்தான் ஓடும், ஆனால் பேட்டரி பழையது. ஒரு நாள் சாயங்காலம் பேய் மழை. தெருமுனையில் மரம் விழுந்து கரண்டு போனது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் முந்தின நாள்தான் தீர்ந்திருந்தது. அக்காவை ரீட்டாவிடமும் பிள்ளைகளிடமும் விட்டுவிட்டு, வேறு சிலிண்டர் எடுத்துவரக் கிளம்பினேன். ரோடெல்லாம் தண்ணீர், ஆட்டோ நகரவில்லை. பேட்டரி தாங்குமா என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் இல்லை.

திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வீடு முழுக்க இருட்டு. யுபிஎஸ் இருக்கிற வீட்டில் ஒரு விளக்குகூட இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அப்புறம்தான் உள்ளேயிருந்து அந்த மெஷினின் சத்தம் கேட்டது.

பேட்டரி தீரவில்லை. பிள்ளைகள்தான், யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கு, ஃபேன், வைஃபை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அத்தையின் கட்டில் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா என் குரலைக் கேட்டதும், "புள்ளைங்க இருட்டுல உக்காந்திருக்குதுங்கடா. ஒரு லைட்டாவது போடு" என்றார்.

"யாருக்கு அத்தை?" என்றான் ஆல்வின்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. "எனக்குத்தான்டா. உங்க மூஞ்சியப் பாக்கணும்" என்றார்.

சிலிண்டரை மாட்டிவிட்டு ஒரு விளக்கைப் போட்டோம். கரண்டு வரும்வரை அக்கா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சில வாரங்கள் எங்களோடு இருந்து, ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார்.

டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எங்கள் யாருக்கும் கை வரவில்லை. ஷாரன்தான் கட்டிலருகே போய், "அத்தை, நிறுத்தட்டுமா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நிறுத்தினாள். நான் அன்று முதன்முதலாக அழுதது அப்போதுதான்.

அந்த மெஷின் இப்போது எங்கள் வீட்டில் சும்மா இல்லை. தொம்மலூரில் மூச்சுத் திணறலோடு இருக்கும் ஒரு பெரியவருக்கு ஓடுகிறது. யாருக்குக் கொடுக்கலாம் என்று விசாரித்துக் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்.

அக்காவைக் கவனித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், ஜெபத்தில் உடனிருந்த பங்குத்தந்தைக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. தள்ளாத வயதிலும் வந்து, தழும்பு உள்ள அதே கையால் அக்காவின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைத்த ரோஸி ஆன்ட்டிக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திருப்பலி முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். நேரமானாலும் பரவாயில்லை. வாசல் விளக்கை அணைக்கக் கூடாது என்று ஆல்வின் இப்போதே உத்தரவு போட்டுவிட்டான். யாருக்கு என்று கேட்டேன். உங்கள் எல்லோருடைய பெயரையும் சொன்னான்.