இருசாயியின் ஏழு கோழிகள்

மார்கழி பிறந்த நாலாம் நாள் காலையில் இருசாயி கோழிக்கூட்டின் படலைத் திறந்தாள். இலவங்காயை உடைத்து இறைத்தாற்போல் உள்ளே எங்கும் இறகு கிடந்தது. ஏழு கோழிகளும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் செவலைப் பெட்டைக்குக் கழுத்தும் முதுகும் வெறும் தோலாகத் தெரிந்தன. மற்றவையும் பாதி உரித்தது போல் நின்று நடுங்கின.

தெருவில் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், வெள்ளைக் கழிச்சல் என்ற கோழிக் கொள்ளைநோய் அந்த ஊருக்குள் முதலில் நுழைந்தது அவள் வீட்டில்தான். தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சேவல் தலை தொங்கிச் செத்தது. பதினைந்தே நாளில், வாசலூர்பட்டிக்கு மேலே இருந்த அந்தப் பதினெட்டு வீட்டு ஊரில் கூவுவதற்கு ஒரு சேவல் இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னாயி முப்பது கோழியைக் குழியில் போட்டு மூடினாள். யாரும் இருசாயியை ஏசவில்லை. ஆனால் ஒரு வருடம் யாரும் அவள் வீட்டில் அடுப்புக்கு நெருப்புக்கூட வாங்கவில்லை.

ஐப்பசியில் கோழி இறகு உதிர்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இவை பிந்தி அடைகாத்தன, அதனால் பிந்தி உதிர்க்கின்றன என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. பேசித் தெளியப் புருசனும் ஊரில் இல்லை. ராசப்பன் கூலி வேலைக்குக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியிருந்தான்; பொங்கலுக்குத்தான் மலையேறுவான்.

இறகுகளை முறத்தில் வாரிச் சாணக்குழியில் புதைத்தாள். கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சாமை வைக்கோலைப் பரப்பி, பெரிய மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். புற்றோரம் சாணமும் ஈர வைக்கோலும் அடைத்த சட்டியைக் கவிழ்த்துவைத்து, விடிந்ததும் அதில் ஏறியிருந்த கரையானைக் கோழிகளுக்கு இரையாகத் தட்டிப் போட்டாள். தினமும் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். கட்டியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எந்தக் கோழியாவது கண்ணை மூடினால் விரலால் தட்டி எழுப்பிப் பார்ப்பாள்.

கோழிகளை உள்ளே அடைத்த நாலாம் நாள் சின்னாயி வாசலில் வந்து நின்றாள்.

"கோழிய எங்க காணோம் புள்ள?"

"குளுருதுன்னு ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறனுங்க அக்கா."

சின்னாயியின் பார்வை நிலைப்படியில் ஒட்டிக் கிடந்த ஓர் இறகின்மேல் விழுந்தது. குனிந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

உச்சிப் பொழுதுக்குள் ஊர்க்கவுண்டர் அப்பாசாமி இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். ஒருவன் கையில் மண்வெட்டி இருந்தது. இருசாயி பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினாள். அப்பாசாமி செவலையைத் தூக்கி முதுகைத் தடவினார். அது வலியில் கத்தியது. தோலுக்கடியிலிருந்து நீலநீலமாக முள் போல் குருத்து கிளம்பியிருந்தது.

"புது எறகு மொளைக்குது. இது சீக்கு மாதிரி தெரியல," என்றார். "ஆனா ஊரே பயந்து கெடக்குது. பொங்கல் வரைக்கும் வெளிய உடாத. ஒண்ணு செத்தாலும் அத்தனையும் குழிக்குத்தான். சம்மதமா?"

"சரிங்க மாமா."

அதற்கு ஆறாம் நாள் மலைமேல் காற்று சுழற்றி அடித்தது. இருசாயி பஞ்சாரத்தின்மேல் இரண்டு சாக்கைப் போர்த்தி இறுக்கி மூடினாள். விடிந்து திறந்தபோது கறுப்புப் பெட்டை அடியில் தட்டையாகக் கிடந்தது. தொட்டால் விறைப்பு.

அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சாணக்குழி பத்தடி தூரத்தில் இருந்தது. அதன் ஓரம்வரை போனாள். சீக்காக இருந்து தான் மறைத்துவிட்டால்? சின்னாயி இப்போதுதான் நாலு குஞ்சு வைத்திருக்கிறாள். குழியோரத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பினாள். பிறகு செத்த கோழியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு சின்னாயி வீட்டுக்கு நடந்தாள். வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"அக்கா, ஒண்ணு போயிருச்சுங்க. நீங்களே அறுத்துப் பாருங்க."

சின்னாயி வேலிப் படலைத் திறந்தாள். பின் வெளியே வந்து, ஒரு கல்லின்மேல் கோழியைக் கிடத்தி வயிற்றைக் கீறினாள். குடலை உருவினாள். இரைப்பையைப் பிளந்து விரலால் வழித்தாள். இருசாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு எங்கோழி அத்தனைக்கும் இங்க செவப்புச் செவப்பாப் பொட்டு இருந்துச்சு. இதுல ஒண்ணுமில்ல. எப்படி மூடி வெச்ச?" என்றாள் சின்னாயி.

"ஒரே பஞ்சாரத்துலீங்க. மேல ரெண்டு சாக்கு."

"குளுருக்கு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் படுத்திருக்கும். அடியில கெடந்தது மூச்சு முட்டிச் செத்திருக்குது. காத்துப் போக எடம் வேண்டாமா கண்ணு?"

காப்பாற்ற நினைத்துத் தானே கொன்றுவிட்டோம் என்பது உறைத்ததும் இருசாயி அப்படியே உட்கார்ந்து அழுதாள். சின்னாயி தேற்றவில்லை. உள்ளே போய்த் தன் வீட்டுப் பஞ்சாரத்தைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு மூணாப் பிரிச்சுப் போடு. கவுண்டர்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

அப்பாசாமி வந்து பார்க்கவில்லை. சின்னாயியின் வார்த்தையே போதும் என்று சொல்லி அனுப்பினார். பொங்கலுக்குள் ஆறு கோழிக்கும் முள் விரிந்து மினுமினுவென்று இறகு மூடிவிட்டது. பொங்கலன்று இருசாயி பஞ்சாரங்களைத் தூக்கினாள். கோழிகள் நேராகச் சின்னாயியின் களத்துக்குப் போய், அவள் குஞ்சுகளோடு சேர்ந்து மேய்ந்தன. விரட்ட யாராவது வருவார்கள் என்று இருசாயி பொழுது சாயும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை.